ஒரு முழம் பின்னால்

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நாள். முடிச்சூர் சாலையில் என் ஷெட் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஏழு பேர் உட்காருகிற வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அண்டாவும் கேஸ் அடுப்பும் ஏற்றத் தோதாகத் தரையில் தகரம் அடித்திருந்தார்கள். டிரைவர் கதவு திறந்தது. இரண்டு காலையும் வெளியே போட்டு, மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாற்போல ஒருவர் இறங்கினார். தெரிந்தவர்தான். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று முப்பது வருஷமாகச் சமைத்துப் போடுகிற கான்ட்ராக்டர். என் தங்கை கல்யாணத்துக்கும் அவர் கைச் சாப்பாடுதான்.

"தம்பி, வண்டி மேட்டுல நிக்க மாட்டேங்குது. பின்னால வாங்குது. நேத்து ஒரு அண்டா சாம்பார் தெருவுல போச்சு."

"எவ்வளவு வாங்குது அண்ணே?"

"ஒரு முழம். சில நாள் அதுக்கும் மேல."

எனக்கு முன்னால் இரண்டு இடம் பார்த்தாகிவிட்டது. ஒரு இடத்தில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் கிளட்ச் செட்டையே மாற்றிவிட்டார்கள். இருபது நாள் கழித்து மறுபடியும் அதே ஒரு முழம். இப்போது யாரோ கியர்பாக்ஸை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, எந்த ஆட்டோமேட்டிக் என்றுதான். பாதிப் பேருக்குத் தெரியாது. இடது காலுக்கு வேலை இல்லை என்றால் ஆட்டோமேட்டிக், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. உள்ளே இருப்பது வேறு வேறு ஜாதி. பழைய பணக்கார வண்டிகளிலிருந்து வருவது டார்க் கன்வெர்ட்டர் வகை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் கிடையாது, ஆயில்தான். கான்ட்ராக்டருக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன்: ஒரு அண்டா பாயசத்தில் ஒரு கரண்டியை வேகமாகச் சுற்றினால், பக்கத்தில் சும்மா கிடக்கிற கரண்டியும் சேர்ந்து சுற்றும். அந்தச் சும்மா கிடந்த கரண்டிதான் சக்கரம். பிரேக்கில் கால் இருந்தாலும் பாயசம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் சின்ன மேட்டில் பிரேக்கை விட்டாலும் வண்டி பின்னால் போகாமல் முன்னால் ஒரு தள்ளு இருந்துகொண்டே இருக்கும்.

அவருடைய வேன் அந்த ஜாதி இல்லை. ஏஎம்டி. 2014 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா கண்காட்சியில் மாருதி செலேரியோவை இறக்கியபோதுதான் நம் ஊரில் இது பரவலாகப் பேச்சுக்கு வந்தது. இத்தாலிக்காரர்களான மாக்னெட்டி மரெல்லி கொடுத்த சாமான். நாம் காலங்காலமாகப் பிரித்துப் பூட்டிய அதே சாதா கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். அதன் தலையில் ஒரு பம்ப், சில வால்வுகள், ஒரு கம்ப்யூட்டர். நம் காலும் கையும் செய்ததை அவை செய்யும். இந்த வகையில் சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தாலே உள்ளே ஙீ என்று ஒரு சத்தம் கேட்கும். பேய் இல்லை, பம்ப் பிரஷர் ஏற்றிக்கொள்கிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, தாம்பரம் டு கிண்டி நெரிசலில் இடது முழங்கால் பிழைக்கும். ஆகவே பத்து வருஷத்தில் தெருவுக்கு நாலு வண்டி.

ஆனால் மேட்டில் அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள என் வாத்தியாரிடம் போக வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்தது 1989-ல், பதினைந்து வயதில், இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஓலை வேய்ந்த ஒரு ஷெட்டில். வாத்தியார் அதற்கு முன்னால் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் ஃபிட்டர். ஹெரால்டு, கஸல், கடைசியாக ஸ்டாண்டர்ட் 2000 எல்லாம் அங்கே செய்ததுதான். நடுவில் ஸ்டாண்டர்ட் 20 என்று ஒரு வேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 'வேன்' என்ற சொல்லே அதன் மூலமாக வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மூட்டை ஏற்றினார்கள், ஆள் ஏற்றினார்கள், சில ஊரில் ஆம்புலன்ஸாகவும் ஓடியது. எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றுபோக, வாத்தியார் சொந்தமாகக் கடை போட்டார். இன்று அந்தத் தொழிற்சாலை நிலத்தில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் உள்ளே போய் வருகின்றன. ஒரு காலத்தில் வேன் வெளியே வந்த கேட்டுக்குள் இப்போது வேன் போகிறது என்று அவர் சிரிப்பார்.

வண்டி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்பது வாத்தியார் கட்சி. அதிலும் மேடு ஏறத் தெரியாதவன் கிளட்சைத் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஷெட் லீவு. ட்ரையலுக்கு வந்த ஆம்னி ஏதாவது இருந்தால், கஸ்டமருக்குத் தெரியாமல், என்னை ஏற்றிக்கொண்டு பரங்கிமலைக்குப் போவார். மேலே போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டிய மாதா கோயில். படி ஒரு பக்கம், வண்டி ஏறுகிற சாலை ஒரு பக்கம். சாலையில் பாதி மேட்டில் நிறுத்தச் சொல்லுவார். கீழே இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பார்.

புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்து நசுக்கிப் போவதுதான் வழக்கம். இது தலைகீழ். பழம் நசுங்காமல் வண்டி மேலே போக வேண்டும். நசுங்கினால் அன்றைய டீ, பன் பட்டர் ஜாம் என் கணக்கில். வாரம் இரண்டு ரூபாய் சம்பாதித்துக்கொண்டிருந்தவன் நான். முதல் மாதம் முழுக்க வாத்தியார் என் செலவில்தான் டீ குடித்தார்.

வித்தை என்ன என்றால், வலது கால் பிரேக்கில் இருக்கும்போதே இடது கால் கிளட்சை மெல்ல விட்டு, பிளேட் கடிக்க ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும். ஸ்டீரிங்கில் ஒரு அதிர்வு வரும். வண்டி பின்பக்கம் லேசாகக் குந்தும். அப்போது பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குப் போனால் வண்டி அசையாது. பிளேட் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கின் பிடி விடுவதற்கு முன்பே கிளட்சின் பிடி வந்துவிட வேண்டும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் குழந்தையை மாற்றுகிற மாதிரி, இரண்டு கையும் ஒரு கணம் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும்.

ஏஎம்டி செய்யாதது இதைத்தான். பிரேக்கை மிதித்திருக்கும் வரை அதன் கம்ப்யூட்டர் கிளட்சை விலக்கியே வைத்திருக்கும். மிதித்தபடியே கடித்தால் பிளேட் தேயும், எஞ்சின் நிற்கும் என்ற பயம் அதற்கு. பிரேக்கை விட்ட பிறகுதான் கடிக்கத் தொடங்கும். நம் இரண்டு கால் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்ததை அது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. இடையில் ஒரு சின்ன இடைவெளி. சமதளத்தில் அந்த இடைவெளி தெரியாது. மேட்டில் குழந்தை கீழே விழுகிறது.

இதை அடைக்கத்தான் ஹில் ஹோல்ட் என்று ஒன்று வைத்தார்கள். மேட்டில் நின்று பிரேக்கை விட்டாலும், பிரேக் லைனில் இருக்கிற பிரஷரை வால்வை மூடிச் சிறைபிடித்துச் சுமார் இரண்டு வினாடி வைத்திருக்கும். அதற்குள் கால் ஆக்சிலரேட்டருக்குப் போய்விடும் என்று கணக்கு. அந்த இரண்டு வினாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனை நான் ஓட்டிப் பார்த்தேன். ஷெட்டிலிருந்து பெருங்களத்தூர் மேம்பாலம், அங்கிருந்து திரும்பித் தாம்பரம் மேம்பாலம். காலை நெரிசலில் பாலத்து ஏற்றத்தில் ஆறு முறை நின்று எடுத்தேன். ஒரு விரற்கடை கூடப் பின்வாங்கவில்லை. ஸ்கேனரில் கிளட்ச் கடிக்கிற புள்ளி சரியாகப் பதிவாகியிருந்தது. புதுப் பிளேட், ஆக்சுவேட்டர் ஆயில் அளவு சரி. பிரேக் பெடல் ஸ்விட்ச் பார்த்தேன். அது நகர்ந்திருந்தால் கால் எடுத்த பிறகும் பிரேக் மிதிபட்டிருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்து, கிளட்சைக் கடிக்க விடாது. முப்பது ரூபாய்க் கோளாறு மூவாயிரம் ரூபாய் வேலையாகத் தெரிகிற இடம் அது. அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அவசரப்பட்டுப் பெட்டியை இறக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி வந்த கதை ஒன்று உண்டு. ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு டூரிஸ்ட் வண்டி, டார்க் கன்வெர்ட்டர் வகை, திருமலை மலைப்பாதையில் திணறியது என்று கொண்டுவந்தார்கள். தாம்பரத்தில் ஓட்டினால் வெண்ணெய். மலையில் வளைவில் நின்று 'டி' போட்டால் மூன்று எண்ணிய பிறகுதான் பிடிக்கும், அதற்குள் வண்டி பின்னால் நழுவும். உள்ளே கிளட்ச் பேக் போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, மூன்று நாள் இரண்டு பையன்களை வைத்துப் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பரப்பினேன். எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. கடைசியில், வடித்து வைத்த ஆயிலை அளந்தபோதுதான் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்டக் குறைந்தது தெரிந்தது. கூலர் பைப் இணைப்பில் வியர்வை மாதிரி ஒரு கசிவு. சமதளத்தில் மிச்ச ஆயிலே போதும். மலையில் வண்டி மூக்கைத் தூக்கினால் ஆயில் முழுக்கத் தொட்டியின் பின்பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சுகிற வாய் காற்றைக் குடிக்கும், பிரஷர் வராது, கியர் பிடிக்காது. எஞ்சின் ஓட, ஆயில் சூடேற, வண்டி மட்டமாக நிற்க, அளவுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். பிரித்த கூலியை நான் கேட்கவில்லை. கேட்க வாயும் வரவில்லை.

அதனால் கான்ட்ராக்டரிடம், "எந்த மேட்டுல அண்ணே வாங்குது?" என்றேன்.

"வீட்டுலதான்."

"வீட்டுல ஏது மேடு?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. முடிச்சூர்க்காரனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கம் அடிப்படையில் தட்டை பூமி. பரங்கிமலை, பச்சைமலை, திருநீர்மலை என்று அங்கங்கே தலை நீட்டுகிற குன்றுகளை விட்டால் மிச்சமெல்லாம் ஏரியும் வயலும் சதுப்பும். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவர் தன் பழைய ஃபியட்டுக்கு என்னிடம்தான் வருவார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: வெள்ளைக்காரன் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்தபோது, 1802-ல், முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும்தான் சங்கிலி போட்டு அளந்தானாம். ஏழரை மைல். சங்கிலி வளையாமல் போட அவ்வளவு சமதரை வேண்டும். அந்தச் சமதரையில் இன்று வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று வீடு நிறைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் மேடு என்றால் அது மனிதன் போட்ட மேடுதான்.

எங்கள் தெருக்களுக்கு அந்த மேட்டைப் போட்டது 2015 டிசம்பர். அடையாறு கரை மீறி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தது. படகு ஓடியது. என் ஷெட்டில் இடுப்புக்கு மேல் தண்ணீர். ஜாக்கியில் தூக்கி வைத்திருந்த வண்டிகூட மூழ்கியது. அடுத்த இரண்டு மாதம் நான் பார்த்ததெல்லாம் கியர்பாக்ஸ் ஆயில்தான். சாதா பெட்டியில் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் இருப்பது சிவப்பு ஆயில். அதில் தண்ணீர் கலந்தால் அச்சு அசல் ரோஸ் மில்க். மைலாப்பூர்க் கடையில் கிளாஸ் கணக்கில் விற்பதை இங்கே வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினோம் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். அப்படி ரோஸ் மில்க் வந்த பெட்டிகளில் பல அந்த வருஷமே செத்தன. பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுக் காகிதம் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு வீடு கட்டியவர்கள் எல்லாரும் ஒரே காரியம் செய்தார்கள். தரைமட்டத்தைத் தெருவை விட மூன்றடி, நாலடி உயர்த்தினார்கள். உயர்த்தாமல் என்ன செய்வார்கள்? ஆனால் மனை அதே அரை கிரவுண்டுதான். வீட்டை உயர்த்தினால் கார் நிறுத்துகிற போர்ட்டிகோவும் உயரும். தெருவுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே சரிவு போட இடம் பத்துப் பதினைந்து அடிதான். இன்ஜினியர் வரைபடத்தில் கோடு அழகாக இருக்கும். வண்டிதான் அதில் ஏற வேண்டும்.

அவர் வீட்டுக்குப் போனேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டக் குழாய் ஒன்று என் ஷெட்டில் உண்டு. சரிவுகளை அளக்க ஆரம்பித்த பிறகு நானே வாங்கி வைத்துக்கொண்டது. பையன் ஒரு முனையைச் சரிவின் அடியில் பிடிக்க, நான் மறுமுனையைப் போர்ட்டிகோவில் பிடிக்க, அளந்தோம். மூன்றடி உயரம், பதினைந்தடி நீளம். ஐந்துக்கு ஒன்று.

இதை மற்றதோடு வைத்துப் பாருங்கள். சமவெளிச் சாலைக்கு முப்பதுக்கு ஒன்று, மலைச்சாலைக்கு இருபதுக்கு ஒன்று என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. வழியில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி, கொல்லிமலையின் எழுபது என்று நாம் மிரளுகிற மலைகளில் மிரட்டுவது வளைவுதான், ஏற்றம் பெரும்பாலும் இவ்வளவு இல்லை. கான்ட்ராக்டர் தினம் இரண்டு வேளை அண்டாவோடு ஏறுகிற சரிவு மலைச்சாலையைப் போல நாலு மடங்கு.

வண்டியும் ஆளும் பாத்திரமும் சேர்ந்து ஆயிரத்து நானூறு கிலோ என்று வையுங்கள். ஐந்துக்கு ஒன்று சரிவில் அதைப் பின்னால் இழுக்கிற விசை இருநூற்று எழுபது கிலோவுக்குச் சமம். எழுபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்றரையைக் கயிற்றில் கட்டிப் பின் பம்பரில் தொங்கவிட்ட மாதிரி. பிடியில்லாமல் விட்டால் ஒரு முழம் உருள முக்கால் வினாடி போதும். தானாக ஊர்ந்து போகிற ஐடில் இழுவையெல்லாம் இங்கே எடுபடாது. ஆக்சிலரேட்டர் கொடுத்தே ஆக வேண்டும்.

"அண்ணே, நீங்க எப்பவும் ஏத்துற மாதிரியே ஏத்துங்க. நான் கீழ உக்காந்து பாக்கிறேன்."

முன்பக்க இடது சீட்டில் உட்காரவில்லை. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சில ஏஎம்டி வண்டிகள் டிரைவர் கதவு திறந்திருந்தால் ஊராது, நியூட்ரலுக்கும் போய்விடும். அதனால் கதவுப் பூட்டில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தி, மூடியிருப்பதாக நம்ப வைத்தேன். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டு பையன் தயாராக நின்றான். பாதிச் சரிவில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். எடுக்கச் சொன்னேன்.

நான் பார்த்தது பெடல்களை. அவர் வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். குதிகாலைத் தரையில் வைத்துப் பாதத்தை மட்டும் திருப்பவில்லை. முழங்கால் மடங்காததால் தொடையோடு சேர்த்து மொத்தக் காலையும் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, ஆக்சிலரேட்டர் மேல் இறக்கினார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. இரண்டைத் தாண்டியதும் வண்டி நழுவியது. மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கால் இறங்கியது. பையன் கட்டையைச் செருகினான்.

மறுபடியும். மறுபடியும். ஐந்து முறையில் நாலு முறை அதே மாதிரி.

முழங்கால் வலிக்காக ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கிறார். மருத்துவர் மூட்டு மாற்று ஆபரேஷன் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது, கல்யாண சீசன் முடியட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் கொடுக்கிற அவகாசம் இரண்டு வினாடி. அவர் முழங்கால் கேட்பது இரண்டே முக்கால். பாலத்தில் நான் ஓட்டினேன், அதனால் நழுவவில்லை. மற்ற இரண்டு ஷெட்டிலும் அவர்கள் ஓட்டினார்கள், அதனால் கோளாறு சிக்கவில்லை. வண்டியிலிருந்து அவர் இறங்கிய விதத்தை முதல் நாளே நான் யோசித்திருக்க வேண்டும்.

நழுவுகிற பயத்தில் அவர் இன்னொன்றும் பழகியிருந்தார். கேட்டைத் திறக்க அண்ணி வருகிற வரை, சரிவிலேயே ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் பிடித்து வைப்பது. இது நம் ஊர் முழுக்க உண்டு. சாயங்காலம் மேடவாக்கம் பாலத்து ஏற்றத்தில் நின்று பாருங்கள், பத்து ஆட்டோமேட்டிக்கில் நாலு இப்படித்தான் ஊசலாடிக்கொண்டு நிற்கும். டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் சூடாகும். ஏஎம்டியில் பிளேட் எரியும். கருகிய நாற்றம் வரும். சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளட்சை ஒரேயடியாக விலக்கிவிடும். அப்போது வாங்குவது ஒரு முழம் இல்லை, பின்னால் நிற்கிற ஸ்கூட்டர் வரைக்கும். பழைய பிளேட்டைப் பார்த்தேன், காசு போட்டு மாற்றியது வீண் இல்லை. நீலம் பாரித்திருந்தது. ஆனால் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மாற்றியிருக்கிறார்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். பதினொரு கிளிக்குக்கு மேல் வந்தது, பிடிப்பு சுமார். ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் ஹேண்ட் பிரேக்கை மறந்தே போகிறார்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி, லைசென்ஸ் கேட்கிறவன் செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல், ஹேண்ட் பிரேக்கையோ ஆக்சிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்தி எடுத்துக் காட்ட வேண்டும் என்கிறது. எட்டு போட்டுக் காட்டிய ஞாபகம் எல்லாருக்கும் இருக்கிறது. இதைச் செய்து காட்டியதாகச் சொன்ன ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கேபிளை இறுக்கி, பின் டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஷூவை நெருக்கினேன். ஆறு கிளிக்கில் கல் மாதிரி நின்றது. அந்த வேலைக்கு எழுநூறு ரூபாய் வாங்கினேன்.

இன்னொன்று பாக்கி இருந்தது. மழை நாளில் முன் சக்கரம் வழுக்கிச் சுற்றுவதாகவும் சொல்லியிருந்தார். சரிவில் வழவழவென்று பார்க்கிங் டைல்ஸ். இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. மூக்கு மேல்நோக்கி நிற்க, அண்டாவெல்லாம் பின்னால் இருக்க, இழுக்கிற சக்கரத்தின் மேல் பாரமே இல்லை. வாத்தியார் காலத்து ஆம்னிக்கும் ஸ்டாண்டர்ட் 20-க்கும் பின் சக்கரம்தான் இழுக்கும், பாரம் ஏற ஏறப் பிடிக்கும். இதற்கு அது பொருந்தாது.

"அண்ணே, இனிமே ரிவர்ஸ்ல ஏத்துங்க."

"ரிவர்ஸ்லயா? கழுத்து திரும்பாது தம்பி."

"கேமரா இருக்கே."

ரிவர்ஸில் ஏறினால் மூக்கு கீழே, இழுக்கிற சக்கரத்தின் மேல் எஞ்சின் பாரம். டிக்கி நேராகச் சமையல்கட்டு வாசலில் போய் நிற்கும், அண்டாவைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றவும் வேண்டாம். காலையில் நேராகத் தெருவைப் பார்த்து இறங்கலாம். அண்ணிதான் முதலில் ஒப்புக்கொண்டார். "வீடு கட்டின நாள்லேர்ந்து சொல்றேன், யார் கேக்கிறாங்க" என்றார்.

பாடம் ஆரம்பித்தது. சரிவில் நில்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள். இப்போது காலை எடுங்கள், மெதுவாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி எங்கும் போகாது. ஆக்சிலரேட்டரில் வையுங்கள். அழுத்துங்கள். கிளட்ச் கடிக்கும், வண்டி குந்தும், தெரிகிறதா? தெரிந்ததும் கையை விடுங்கள், அங்கேயே ஊசலாடாதீர்கள். முழங்கால் போனாலும் அவருக்குக் கை போகவில்லை. முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை. மூன்றாவது தடவையிலேயே அந்தக் குந்தலைப் பிடித்துவிட்டார். பாகு கம்பிப் பதத்துக்கு வருவதை விரலால் தொட்டுப் பார்ப்பவருக்கு இது பெரிசா என்ன.

நான் சமையல்கட்டுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி வந்தேன். ரிவர்ஸில் பாதிச் சரிவில் நின்ற வண்டியின் முன் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம், ஒட்டினாற்போல வைத்தேன்.

"என்ன தம்பி, திருஷ்டியா?"

"நசுங்கினா டீ உங்க செலவு."

கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தன் காலை ஒரு சாமானைப் போலத் தூக்கி நகர்த்தினார். நான் எண்ணினேன், மூன்று வரைக்கும் போனது. எஞ்சின் கனத்தது. வண்டி மேல் நோக்கி நகர்ந்து, போர்ட்டிகோவில் போய் நின்றது. பழம் பாதியில் நிலைதவறி, தெரு வரை உருண்டு போய் வடிகால் மூடிமேல் நின்றது. பையன் ஓடிப் போய் எடுத்து, டிரவுசரில் துடைத்துக் கொடுத்தான்.

கான்ட்ராக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல" என்றார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்: "நாளைக்கு எத்தனை பேருக்கு எலுமிச்சை சாதம்?"

"நூத்தி இருபது" என்றது அண்ணியின் குரல்.

பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு, எங்களுக்கு டீ போடச் சொன்னார்.